முகூர்த்த ரவிக்கை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் எதையாவது சொல்லிவிடுவேன். அப்புறம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காக மாதக்கணக்கில் அலைவேன். நான் செய்த நல்ல காரியங்களில் பாதி இப்படி வாய் முந்திக்கொண்டதால் நடந்தவைதான். கெட்ட காரியங்களும் அப்படித்தான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுக்கு ஒரு தையல் கடை. ஆபீஸ்களில் வேலை பார்க்கிற பெண்கள்தான் வாடிக்கை. 2005 வரைக்கும் என் கணவர் வெட்டுவார், நானும் இரண்டு பெண்களும் தைப்போம். அவர் பெரிய கெட்டிக்காரர் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வெட்டிய ரவிக்கையைப் போட்டுக்கொண்டு தாலி கட்டிக்கொண்ட பெண்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. கைராசிக்காரர் என்பார்கள். முகூர்த்த ரவிக்கையை மட்டும் ஜனங்கள் கண்ட கையில் கொடுக்க மாட்டார்கள். நல்ல நேரம் பார்க்க வேண்டும், துணி மூலையில் மஞ்சள் தொட்டு வைக்க வேண்டும், கிழக்கே பார்த்து நின்று முதல் வெட்டு போட வேண்டும். பெண்ணின் அம்மா பக்கத்திலேயே நின்று அந்த வெட்டைப் பார்ப்பாள்.

அந்த வருஷம் ஆடியில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்து கடையைத் திறந்தேன். சாதாரண ரவிக்கை வந்தது, பள்ளிக்கூட யூனிபார்ம் வந்தது, முகூர்த்தத் துணி மட்டும் வரவில்லை. அவரைவிட நான் நன்றாக வெட்டுவேன். அது அவருக்கே தெரியும். ஆனால் தாலி அறுத்தவள் கையால் முதல் வெட்டு விழலாமா? இதை ஒருத்தியும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. "உங்களுக்கு ஏங்கா சிரமம்", "நீங்களே நொந்து போயி கெடக்கறீங்க" என்று என் மேல் கரிசனப்பட்டுவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருப்பேன். கரிசனத்தை என்ன செய்வது? மூன்றரை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

2008 மழைக்காலத்தில் என் கணவரின் சிநேகிதர் ஒருவர் கடைக்கு வந்தார். சிறையில் கைதிகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓர் ஆளுக்கு வேலை வேண்டும் என்றார். ஆயுள் தண்டனைக் கைதி, பத்து வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு வெளியே வரப்போகிறவர். காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்த குடும்பம். வரப்புத் தகராறில் பங்காளியை மண்வெட்டிக் காம்பால் அடித்திருக்கிறார். பங்காளி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துவிட்டார். உள்ளே போகும்போது ஊசியில் நூல் கோக்கத் தெரியாதாம். இப்போது காக்கி உடுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு தைப்பாராம்.

"ஊருக்கு அவரு திரும்ப முடியாதும்மா. பொண்டாட்டியும் நடுவுல காய்ச்சல் வந்து பூட்டாங்க. ஒரே பொண்ணு. சிதம்பரத்துல மச்சான் வூட்டுல வளருது, ஒம்போதாவது படிக்குது. அந்த மச்சான் சொல்லிட்டாரு. ஒரு வருஷம் ஒரே எடத்துல நின்னு வேலை பாருங்க, வேலை குடுத்தவங்களையும் கூட்டிகிட்டு வாங்க, அப்புறம் பொண்ண அனுப்பறேன்னு. அவருக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்த ஒரு வருஷந்தான் வேணும்."

என்னை வேலை கொடுக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. நாலு இடத்தில் சொல்லிவைக்கத்தான் கேட்டார். எனக்கும் அந்த ஆளைக் கடையில் வைத்துக்கொள்ளும் எண்ணம் துளிகூட இல்லை. இதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. பின்னால் வெட்கப்பட வேண்டியது வேறு இருக்கிறது.

சொல்லிவைத்தேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை முதலாளி என்னை உட்காரவைத்து, குடிக்கக் கூல்டிரிங்ஸ் கொடுத்து, முழுக் கதையையும் கேட்டார். கண்கூடக் கலங்கியது. "இவங்களுக்கெல்லாம் நம்மள மாதிரி ஆளுங்கதாம்மா செய்யணும்" என்றார். எப்போது வரச் சொல்லட்டும் என்று கேட்டேன். தீபாவளி கழியட்டும் என்றார். தீபாவளி கழிந்தபின் பொங்கல் கழியட்டும் என்றார். மூன்றாவது தடவை போனபோது முதலாளி சாப்பிடப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அவர் செருப்பு வாசலில் இருந்தது.

என் கணவரின் தம்பி செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனிகளுக்கு ஆள் விடுகிற காண்டிராக்டர். அவரிடமும் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அண்ணி, உள்ள போவணும்னா கேட் பாஸ் வேணும். கேட் பாஸுக்கு, மேல கேஸ் இல்லன்னு லெட்டர் வேணும். கேஸுல உள்ள போயி வந்தவருக்கு கேஸ் இல்லன்னு யாரு லெட்டர் தருவாங்க?"

"மூட்ட தூக்கறதுக்குமா?"

"மூட்ட தூக்கறதுக்குந்தான். சரி, நீங்க ஏன் ஊரெல்லாம் அலையறீங்க? அவ்ளோ அக்கறை இருந்தா உங்க கடையிலியே வெச்சிக்க வேண்டியதுதான?"

"வெச்சிக்கறேன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. வீட்டுக்கு வந்து என் பெண்ணிடம் சொன்னேன். அவள் அப்போது ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். "நல்லதும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

2009 பொங்கல் முடிந்து அவர் வந்தார். நெடிய ஆள், முன்நெற்றி ஏறிய தலை. என்னைவிட இரண்டு வயது இளையவராகத்தான் இருப்பார், ஆனாலும் "அம்மா" என்றார். நான் என்னவென்று கூப்பிடுவது? பெயர் சொல்லிக் கூப்பிட மனம் வரவில்லை. "மாஸ்டர்" என்றேன். அது எங்கள் தொழிலில் வெட்டுகிறவரைக் கூப்பிடுகிற வார்த்தை. அவர் அதைக் கேட்டு ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தார்.

தைக்கிற பெண்கள் இருவரிடமும் உள்ளதைச் சொல்லியிருந்தேன். ஒருத்தி மூன்று நாள் வரவில்லை, நாலாம் நாள் வந்து ஒன்றுமே நடக்காதது போல ஊக்கு வைத்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குச் சிரிப்பு மூட்டியது அவருடைய தையல்தான். நாங்கள் கை சேர்கிற கைக்குழியில் ஒரு வரி ஓட்டி, பிசிர் வராமல் ஓவர்லாக் போட்டு விட்டுவிடுவோம். அவர் துணியை இரண்டு மடிப்பு உள்ளே மடித்து, மேலே இரண்டு வரி ஓட்டுவார். காக்கிக்குப் போட்டுப் பழகிய தையல். இழுத்தாலும் வராது. "காக்கித் தையல்" என்று அந்தப் பெண்கள் பெயர் வைத்தார்கள். ரவிக்கைக்கு எதற்கு மாஸ்டர் இந்தக் கெட்டி என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "பிரியக் கூடாதும்மா" என்றார். கை மாறவில்லை.

பங்குனியில் பேங்க்கில் வேலை பார்க்கிற ஓர் அம்மா, எங்கள் பழைய வாடிக்கை, மகளின் முகூர்த்தப் பட்டோடு கடைப் படியில் நின்று தயங்கினார். அவர் சொல்ல வருவது எனக்குத் தெரியும். முந்திக்கொண்டேன். "வாங்க. வெட்டறதுக்கு மாஸ்டர் வந்திருக்காரு" என்றேன்.

"எந்தூரு மாஸ்டரு?"

"ரொம்ப வருஷம் யூனிபார்ம் தச்சவரு."

அதில் பொய் ஒன்றும் இல்லை.

மாஸ்டர்தான் மறுத்தார். என்னைப் பின்பக்கம் கூப்பிட்டு, "அம்மா, இது மட்டும் வேணாம். மங்கல காரியம். என் கையி..." என்றார்.

"உங்க கைக்கு என்னா? என் கையும் ஆவாதுன்றாங்க. அப்ப யாருதான் வெட்டறது?" என்று என் கணவரின் பெரிய கத்தரிக்கோலை எடுத்து அவர் கையில் வைத்தேன். கோபத்தில்தான் வைத்தேன். செய்தித்தாளில் இரண்டு தடவை அளவு வெட்டிப் பார்த்துவிட்டு, மஞ்சள் தொட்ட பட்டை விரித்து, கிழக்கே பார்த்து வெட்டினார்.

அந்தப் பெண் கல்யாணமான இரண்டாம் மாதமே உண்டாகிவிட்டாள். மாப்பிள்ளைக்குக் கேட்ட ஊருக்கே மாற்றலும் கிடைத்தது. பேங்க் அம்மா போகிற இடமெல்லாம் சொன்னார். வைகாசியில் பதினோரு முகூர்த்தத் துணி வந்தது. புது மாஸ்டருக்கு அப்படி ஒரு கைராசியாம். நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பெண் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, "அவரு கையாலதான் வெட்டணும், ஜாஸ்தி நேரம் ஆனாலும் பரவால்ல" என்று காத்திருந்தாள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று மாதம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மாதம் ஒரு ஞாயிறு அவர் சிதம்பரம் போய்வருவார். மச்சான் வீட்டுக் கூடத்தில் மச்சானும் உட்கார்ந்திருக்க, பெண்ணோடு ஒரு மணி நேரம். ஒரு தடவை சுடிதார் தைத்து எடுத்துப் போனார். போட்டுக்கொண்டாளா என்று கேட்டேன். "வாங்கிகிச்சும்மா" என்றார். திங்கட்கிழமை காலையில் கடையின் காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் மேசைக்குப் போவார். தைப் பொங்கலுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று எனக்கும் அதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வளவையும் கெடுத்தது என் வாய்.

ஆவணியில் ஒரு நாள் கடை நிறையப் பெண்கள். பேங்க் அம்மாவும் இருந்தார். விடுதலையாகி வெளியே வருகிற கைதிகளைப் பற்றி யாரோ பேச்சை எடுத்தார்கள். "கொல பண்ணவங்கள எல்லாம் வெளிய வுட்டுட்டு, வேலையும் குடுங்கன்றாங்க. எவ குடுப்பா? பொம்பளப் புள்ளைங்க இருக்கற எடத்துல எவ சேப்பா?" என்றார் பேங்க் அம்மா. மாஸ்டர் திரைக்குப் பின்னால் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிச் சத்தம் நின்றதை நான் கேட்டேன். அந்த நிறுத்தம் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன், நான் குடுத்திருக்கேனே. நீங்க இப்ப போட்டுனு இருக்கீங்களே, அந்த ரவிக்கைய வெட்டனவரு யாருன்னு நெனச்சீங்க? உங்க பொண்ணுக்கு முகூர்த்த ரவிக்கை வெட்டனவரு யாரு?"

பேங்க் அம்மாவின் கை தன் தோளுக்குப் போனது. ரவிக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டது. ஐந்து நிமிஷத்தில் கடை காலி.

அன்று சாயங்காலம் மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். "என்னிக்கா இருந்தாலும் தெரியறதுதானம்மா" என்றார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. நாலு வார்த்தை என்னைத் திட்டியிருக்கலாம்.

மறுநாளிலிருந்து துணிகள் திரும்பிப் போக ஆரம்பித்தன. நிச்சயத் தேதி தள்ளிப்போய்விட்டது என்றாள் ஒருத்தி. மாப்பிள்ளை வீட்டிலேயே தைத்துத் தருகிறார்களாம் என்றாள் இன்னொருத்தி. மாமியார், நாத்தனார், ஜோசியர் என்று யார் யார் தலையிலோ பழி போட்டார்களே தவிர, நான் பயப்படுகிறேன் என்று ஒரு பெண் வாயைத் திறந்து சொல்லவில்லை. மூன்று மாதமாக அந்தக் கையைக் கொண்டாடியவர்கள்தான் இவர்கள். பேங்க் அம்மாவின் மகளுக்கு அதே வாரம் ஐந்தாம் மாத வளைகாப்பு நடந்தது. எனக்குச் சொல்லவில்லை. வயிற்றுப் பிள்ளை மட்டும் இவர் கைராசி, கை மட்டும் ஆகாதா என்று வீட்டில் தனியாகக் கத்தினேன். கேட்க ஆள் இல்லாததால் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன்.

கத்தினேனே ஒழிய, அடுத்த வாரம் நானே அவரிடம் போய், "கொஞ்ச நாளைக்கு நீங்க மிஷின் பாருங்க மாஸ்டர், வெட்டறத நான் பாத்துக்கறேன். பேச்சு அடங்கட்டும்" என்றேன். பேச்சு அடங்கட்டும் என்பது எவ்வளவு வசதியான வார்த்தை. அவர் கத்தரிக்கோலைத் துடைத்து, மூடி, மேசை மேல் வைத்துவிட்டுப் பின்பக்க மிஷினுக்குப் போனார். வேலையை மட்டும் விடச் சொல்லவில்லை, வருஷம் முடிகிறவரை அவர் இங்கே இருப்பார் என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஐப்பசியில் என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பாண்டிச்சேரி. கூறைப்புடவை எடுக்கச் சிதம்பரம் போனோம். ரவிக்கைத் துணி என் மடியில் இருந்தது. என் பெண் சாதாரணமாகச் சொன்னாள், "மாஸ்டரே வெட்டட்டும்மா."

அவளுடைய அப்பா இல்லை, நான் வெட்டக் கூடாது, வேறு யார் கை? மூளைக்குள் இருக்கிற நியாயம் எல்லாம் மாஸ்டர் பக்கம்தான் இருந்தது. ஆனால் வயிற்றுக்குள் ஒன்று இருந்தது. அந்தக் கையால் வெட்டின ரவிக்கையில் என் பெண் தாலி வாங்கி, நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? எனக்கு ஆனது அவளுக்கும் ஆகிவிட்டால்? கடலூரில் வேறு கடையில் கொடுத்தால் ஊர் சிரிக்கும். சிதம்பரத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? தெற்கு வீதியில் ஒரு தையல் கடையில் ஏறினேன். "சம்பந்தி வூட்டுல இங்கதான் தைக்கணும்ன்றாங்க" என்று என் பெண்ணிடம் சொன்னேன். மாமியார் மேல் பழி போட்ட பெண்களை நான் என்னென்ன பேசியிருந்தேன்.

அளவு ரவிக்கையை வாங்கிப் பார்த்த தையல்காரர் நல்ல மனிதர், வாயாடி. நானும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் தையல் கடைக்காரி என்று தெரிந்ததும், "பின்ன உங்க கடையிலியே வெட்டிருக்கலாமேம்மா?" என்றார். என் பெண் எதிர்க் கடையில் வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "எங்க மாஸ்டரு ஜெயில்ல இருந்துட்டு வந்தவரு. நல்லவருதான். இருந்தாலும் மங்கல காரியம் பாருங்க."

கார்த்திகைக் கடைசியில் கல்யாணம் நன்றாக நடந்தது. மாஸ்டரும் வந்திருந்தார், பந்தியில் நின்று பரிமாறினார். ரவிக்கை என் பெண்ணுக்கு அச்சாகப் பொருந்தியிருந்தது. தெற்கு வீதிக்காரர் கைகாரர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

2010 பொங்கல் போய் ஒரு வருஷம் முடிந்தது. நான் கடை லெட்டர்பேடில் எழுதினேன். இவர் என்னிடம் ஒரு வருஷம் ஒரு நாள் தவறாமல் வேலை பார்த்தார், இனிமேலும் பார்ப்பார், இவருக்கு நான் பொறுப்பு. கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் வைத்தேன். இருவரும் பஸ்ஸில் சிதம்பரம் போனோம். அவர் புதுச் சட்டை தைத்துப் போட்டிருந்தார். வண்டிப்பாளையத்தில் ஓர் அறையும் சமையல் இடமும் வாடகைக்குப் பார்த்து, பெண்ணுக்கென்று ஒரு மேசை நாற்காலிகூட வாங்கிப் போட்டிருந்தார். பஸ்ஸில் அந்த மேசையைப் பற்றியே பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மச்சான் மரியாதையான மனிதர். முப்பத்தைந்து வயதிருக்கும், வளையல் கடை வைத்திருந்தார். பெண்ணைக் கூடத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அப்பாவின் நெடிய உடம்பு, யார் முகத்தையும் நேரே பார்க்காத கண். கடிதத்தை மச்சான் நிதானமாக இரண்டு தடவை படித்தார். மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணுக்கு முகூர்த்த ரவிக்கைய யாரு வெட்டனாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"தெற்கு வீதி தையக்காரரு என் கடைக்குப் பக்கத்துக் கடை. நீங்க அவருகிட்ட சொன்னத அவரு என்கிட்ட சொல்லிட்டாரு. உங்க பொண்ணு போட்டுக்கற ரவிக்கைய இவரு கையில குடுக்க உங்களுக்கே மனசு வரல. எங்க அக்கா பொண்ண நான் எப்டிக்கா இவரு கையில குடுக்கறது?"

நான் கோபக்காரி. எத்தனை பேரை வாயாலேயே விரட்டியவள். அன்று அவர் மடித்து வைத்த கடிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வெட்டனது அவருதான் மச்சான். ஆனா கடைசியா தச்சது நான்தான்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். என் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பொய்க்குத் தலையாட்டக்கூட எனக்குத் தெம்பு இல்லை. மச்சான் என் முகத்தில் இருந்ததைப் படித்துவிட்டு, "இது வேறயா மாமா" என்றார். பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவரைப் பிடித்துக்கொண்டேன். தப்பு என் மேல் இருக்கும்போது எனக்குக் கோபம் இரண்டு பங்காக வரும். "எதுக்கு மாஸ்டர் பொய் சொன்னீங்க? அதான் காரியம் கெட்டுப்போச்சு" என்றேன். செம்மங்குப்பம் வந்துவிட்டது, கெமிக்கல் நாற்றத்துக்குப் பயந்து எல்லோரும் ஜன்னலை இழுத்துச் சாத்தினார்கள். அவர் சாத்தவில்லை. "பொய் இல்லம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து பாண்டிச்சேரிக்குப் போன் போட்டேன்.

"ஆமாம்மா" என்றாள் என் பெண். "கல்யாணத்துக்கு மொத நாளு போட்டுப் பாத்தேன், கைக்குழி இறுக்கிப் புடிச்சிது, கையத் தூக்கவே முடியல. நீ மண்டபத்துல இருந்த. நான் கடைக்கு எடுத்துனு போனேன். மாஸ்டரு ரெண்டு கையையும் முழுசாப் பிரிச்சு, மிச்சத் துணியில வேற கை வெச்சுத் தச்சுக் குடுத்தாரு. அம்மாவுக்கு சங்கடமா இருக்கும், சொல்லாதன்னாரு."

"அவருகிட்ட ஏன்டி குடுத்த?"

"வேற யாருகிட்ட குடுப்பாங்க? நல்லாத் தைக்கறது அவருதான?"

அடுத்த ஞாயிறே பாண்டிச்சேரி போய் அந்த ரவிக்கையை வாங்கினேன். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். உடம்புத் தையல் தெற்கு வீதிக்காரருடையது, ஒற்றை வரி. இரண்டு கைக்குழியிலும் துணி இரண்டு மடிப்பு மடிந்து, மேலே நேராக இரண்டு வரி. கடையில் நாங்கள் கேலி செய்த காக்கித் தையல். இத்தனை நாள் தொழில் செய்தவள், என் பெண்ணின் தோளில் இருந்ததைப் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மாஸ்டரிடம் சொல்லாமல் சிதம்பரம் போனேன். மச்சான் முன்னால் ரவிக்கையைத் திருப்பிப் போட்டு இரண்டு தையலையும் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், சம்பந்தி மேல் போட்ட பழி உட்பட. அவர் விரலால் அந்தத் தையலைத் தடவிப் பார்த்தார். நகத்தால் இழுத்தும் பார்த்தார்.

"சரிக்கா. மாமா பொய் சொல்லல. அன்னிக்கி நான் அப்டிப் பேசியிருக்கக் கூடாது" என்றார்.

பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் அவள் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வந்து ரவிக்கையை எடுத்துப் பார்த்தாள்.

"நல்லா தச்சிருக்காரு" என்றாள். பிறகு, "அப்ப நீங்க ஏன் மொதல்லியே அவருகிட்ட குடுக்கல?" என்று கேட்டாள்.

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சொல்வதற்கு என்னிடம் ஒரு மாமியார் இல்லை, ஒரு ஜோசியர் இல்லை.

"பயமா இருந்துது கண்ணு" என்றேன்.

அவள் என் முகத்தை முதல் தடவையாக நேரே பார்த்தாள்.

"எனக்கும் அதான்" என்றாள்.

ரவிக்கையை ஒழுங்காக மடித்து என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மச்சான் காபி கொண்டுவரச் சொன்னார். குடித்துவிட்டு, ஆறு மணி பஸ்ஸுக்கு வந்து நின்றேன்.